பந்திக்குப் போன புகார்

அந்த இல்லத்தில் யாராவது ஒரு புகார் சொன்னால் அது நாற்காலியாகிவிடும். சொன்னவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். சின்னக் குறை என்றால் பிளாஸ்டிக் ஸ்டூல். மனசு நொந்து சொன்னதென்றால் கை வைத்த நாற்காலி. ரொம்ப நாள் அடக்கி அடக்கி வைத்திருந்து சொன்னதென்றால் தேக்கு. காலையில் பெருக்க வருகிறவர்கள் எந்தக் கட்டிலருகே புதிதாக என்ன நிற்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார்கள்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, பைபாஸ் ரோட்டை ஒட்டி இருந்தது அந்த இல்லம். இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியவர்கள் கடைசிக் காலத்துக்கு வந்து படுக்கிற இடம். கூட ஒருவர் தங்கிக்கொள்ளலாம்.

நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அந்தப் புகார் அவர் வாய் வழியாக வெளியே வரும். ஆனால் நாற்காலி போக வேண்டுமென்றால், யார் மேல் சொன்ன புகாரோ அவரே உட்கார வேண்டும். தன் வாயால் சொல்லி, தன் காதால் கேட்டு, எழுந்து போய், சொன்னவருடைய முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் போகும். கால்கள் நின்ற இடம் மட்டும் கொஞ்ச நேரம் ஈரமாக இருக்கும்.

சமையல் செய்கிற பாக்கியம் ஒரு முறை அப்படித்தான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ரசமா இது? வெந்நியில புளியைக் காட்டிட்டு எடுத்திருக்கா" என்று அவள் வாயே சொன்னது. "அட, ஆமா" என்று எழுந்துபோய், சொன்ன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, நாளைக்கு மிளகு தட்டிப் போடுறேன், குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு" என்றாள். ஸ்டூல் போய்விட்டது.

மேனேஜர் ஜெபராஜுக்கு இந்த முறை சரிப்படவில்லை. சமையல்காரி சமைக்கிற நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நர்ஸ் ஊசி போடுகிற நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், வேலை எப்படி நடக்கும்? அவர் கெட்டவர் இல்லை. யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று தானே எல்லா நாற்காலியிலும் உட்கார ஆரம்பித்தார். காலை ஜெபம் முடிந்ததும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு புகாரையும் தன் வாயால் சொல்லி, "கேட்டாச்சு" என்று எழுந்துவிடுவார். நாற்காலி அப்படியே நிற்கும். அதைக் கொண்டுபோய் வராந்தாவில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வார். வராந்தாவுக்கு வந்துவிட்டால் அது தீர்ந்த கணக்கில் சேர்த்தி.

சொன்னவர் கண்ணை மூடிவிட்டால் நாற்காலி வீட்டாருக்குப் போகும். வேனில் உடலை ஏற்றி, மேலே நாற்காலியையும் கட்டி அனுப்புவார்கள். எட்டயபுரத்துக்காரர் ஒருவருடைய நாற்காலியை அவர் பிள்ளைகள் மாடியில் கொண்டுபோய் வைத்தார்களாம். மழை வந்தால் ஓடிப்போய் அதை உள்ளே எடுத்து வைப்பார்களாம். உட்காருவதற்கு மட்டும் யாரும் இல்லை.

செண்பகவல்லி தன் கணவர் பூவநாதனோடு அங்கே வந்து சேர்ந்திருந்தாள். கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஊர்ச் சாமியின் பேரும் அம்மனின் பேரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின. நர்ஸ் அமலோற்பவம், "சாமியும் அம்மனும் குளிச்சாச்சா?" என்றுதான் காலையில் கேட்டுக்கொண்டு வருவாள்.

பூவநாதன் தீப்பெட்டி லோடு லாரி ஓட்டியவர். ஆயுசில் ஒரு குறை சொன்னதில்லை. குழம்பில் உப்பில்லாவிட்டால் எழுந்துபோய்த் தானே போட்டுக்கொள்வார். அவருக்கும் சேர்த்துப் பேசுகிற வேலையைச் செண்பகவல்லி கல்யாணமான புதிதிலேயே எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை, யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை.

டாக்டர் நெல்லையப்பன் தினமும் காலையில் வருவார். தங்கமான மனுஷன். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, செண்பகவல்லியைப் பார்த்து, "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார்.

"பரவாயில்லைங்க டாக்டர். நல்லாத் தூங்குனாக. கஞ்சி குடிச்சாக. அவுக எதையும் தாங்கிக்கிடுவாக."

பூவநாதன் வாயைத் திறப்பார். வீட்டு வாசலில் வேறு யாரோ நின்று பேசிக்கொண்டிருந்தால், வெளியே போக வந்தவர் ஒதுங்கி நிற்பாரே, அந்த மாதிரி. பிறகு மூடிக்கொள்வார். டாக்டர் ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

ஒரு நாள் அவள் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தபோது கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெஞ்சு நின்றது. நாற்காலி இல்லை, பெஞ்சு. டீக்கடையில் போடுகிற மாதிரி நீளமானது. நல்ல தேக்கு.

"என்னங்க, என்ன சொன்னீக?" என்று கேட்டாள். அவர் மூச்சு வாங்கிக்கொள்வதற்குள் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பி, "அவுக ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக சிஸ்டர். கட்டில் மாறி வந்து நிக்குதோ என்னமோ" என்றாள்.

"கட்டில் மாறாதும்மா. இது எங்க சாமி சொன்னதுதான்" என்று அமலோற்பவம் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பக்கம் தாழ்ந்து மறுபக்கம் தூக்கி, அவள் தரையில் சறுக்கி விழுந்தாள். புகார் வரவில்லை. மேனேஜர் வந்து உட்கார்ந்தார், அவரையும் தள்ளிவிட்டது. பாக்கியம் கரண்டியோடு வந்து விழுந்தாள். டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு முறையாக உட்கார்ந்து முறையாக விழுந்தார்.

"அப்போ அம்மா உட்கார்ந்து பாக்கட்டுமே" என்றாள் அமலோற்பவம்.

"அவங்க எப்படி? குடும்பத்தார் மேல புகார் வராது. புகார்னா இல்லத்து மேலதான்" என்றார் மேனேஜர். அது சரியாகத்தான் பட்டது. செண்பகவல்லிக்கும் அப்படித்தான் பட்டது.

நடுவில் உட்கார்ந்தால் என்ன என்று பாக்கியம் கேட்டாள். நடுவில் உட்கார்ந்தால் பெஞ்சு இரண்டு பக்கமும் தாழ்ந்து நடுவில் தூக்கிக்கொண்டது. கடைசியில் மேனேஜர், "கேட்டதா வச்சுக்கலாம்" என்று அதையும் வராந்தாவில் போடச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து செண்பகவல்லிக்கு அந்த பெஞ்சு நினைப்பாகவே இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் வராந்தாவில் போய் நின்று, "அம்மா தாயே, இது யாருக்குன்னு வந்ததோ அவங்களைக் கொண்டாந்து உட்கார வை" என்று அதைத் தொட்டுக் கும்பிடுவாள். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் சொன்ன ஒரே குறை. அதை அப்படியே வேன் மேலே கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால்? போடுவதற்கு வீட்டில் இடம் இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவளால் முடியாது.

பூவநாதனுக்கு உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஊசி போட்டும் முகம் சுளித்தபடியே இருந்தது. ஒரு முகூர்த்த நாள் காலை அமலோற்பவம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, மூச்சு மாறுது. பிள்ளைகளுக்குச் சொல்லிடுங்க. இன்னைக்கோ நாளைக்கோ."

பிள்ளைகளுக்குப் போன் பண்ணிவிட்டு அவள் வராந்தாவுக்கு ஓடினாள். வராந்தா காலி. பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள்.

"எங்க சார் எல்லாம்?"

"பக்கத்து மண்டபத்தில கல்யாணம்மா" என்றார் மேனேஜர். "சேர் பத்தலைன்னு வந்து நின்னாங்க. சும்மா கிடக்கிறதுதானே, அவசரத்துக்கு உதவட்டுமேன்னு குடுத்துட்டேன். பந்தி முடிஞ்சதும் கழுவித் துடைச்சு அனுப்பிடுவாங்க."

"அவுக பெஞ்சு?"

"அதுவும்தான். பந்தியில போட நல்லா இருக்கும்னாங்க."

செண்பகவல்லி கட்டியிருந்த நூல் சேலையோடு மண்டபத்துக்குப் போனாள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் கொடுத்தார்கள், கல்கண்டு கொடுத்தார்கள். மறுக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இல்லத்து நாற்காலிகளில்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமன், பட்டுவேட்டி, விரல் நிறைய மோதிரம். அவர் பெரிய குரலில், "என் பல்செட்டைக் கழுவி அடுத்த கட்டில்காரன் டம்ளர்ல போட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயில் பல் வரிசையாகத்தான் இருந்தது. பின்னால் தலை நிறையப் பூ வைத்த சின்னப் பெண், "என் மகன் போன் பண்ணுனா அம்மா தூங்குறாங்கன்னு சொல்லி வச்சிடுறாங்க. நான் முழிச்சுத்தான் கிடந்தேன்" என்றாள். இன்னொருவர், "ஊசி போடுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டா குறைஞ்சா போயிடுவாங்க?" என்றார். யாரும் தலையைத் திருப்பவில்லை. கல்யாண வீட்டில் குறை சொல்லாதவர்கள் யார்?

கல்யாணப் பெண்ணின் அப்பா மட்டும் நாற்காலிக்கு நாற்காலி போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்ணைக் கொடுக்கிறவர். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் அது அவர் பொறுப்பு. "தப்புதான் மச்சான், யாருன்னு பாத்து இப்பவே மாத்தச் சொல்றேன்" என்று தாய்மாமனிடம் குனிந்து சொன்னார். "இனிமே எழுப்பிக் குடுக்கச் சொல்றேன் தாயி, அவன் எப்ப போன் பண்ணுவான்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அதோடு விடவில்லை. ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடியும் வந்து, "சொன்னீகளே, ஆச்சா? மனசு சமாதானமா?" என்று கேட்டார். அவர் மேல் வந்த புகார் இல்லாததால் நாற்காலிகள் போகவில்லை. ஆனால் அவர் வந்து போன பிறகு ஒவ்வொன்றும் கனம் குறைந்து, உட்கார்ந்திருந்தவர்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில், ஜன்னல் ஓரம், பூவநாதனுடைய பெஞ்சு கிடந்தது. முன்னால் மேஜையில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். செண்பகவல்லி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உட்காருங்கம்மா, பந்திக்கு வந்துட்டு நின்னா எப்படி?" என்றான் பரிமாறுகிறவன்.

"இது தனியா உட்கார்ந்தா தள்ளிவிடும் தம்பி."

"அப்ப துணைக்கு ஆள் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் உப்பு வைத்துக்கொண்டு போனான்.

அந்த நேரத்தில் டாக்டர் நெல்லையப்பன் வந்தார். பெண்ணின் அப்பா அவருக்குப் பழக்கம். மணமக்கள் தலையில் அட்சதை போட்டுவிட்டு, இல்லத்துக்குப் போகும் முன் ஒரு வாய் சாப்பிடலாம் என்று வந்தவர். பசி. எந்த பெஞ்சு என்று பார்க்காமல் ஒரு முனையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் தாழ்ந்தது, இந்தப் பக்கம் எழுந்தது. நல்ல மனுஷன் விழுந்துவிடக்கூடாதே என்று செண்பகவல்லி பதறி மறுமுனையில் உட்கார்ந்தாள்.

பெஞ்சு சமமாக நின்றது.

டாக்டர் வாயைத் திறந்தார். "காலையில டாக்டர் வர்றாரு" என்றார். குரல் பூவநாதனுடையது.

"வந்து அவளைப் பாத்து வலி எப்படி இருக்குன்னு கேக்காரு" என்றாள் செண்பகவல்லி. அவளுடைய வாயிலும் அதே குரல்.

"அவ பரவாயில்லைன்னு சொல்லுதா" என்றார் டாக்டர்.

"படுத்திருக்கிறது நானு."

"வண்டி என்னோடது. சத்தம் எனக்குல்ல தெரியும்? கிளீனர்கிட்ட கேட்டுட்டு மெக்கானிக் போயிடுறாரு."

"அவ பாசத்துலதான் சொல்லுதா. அவரு பாசத்துலதான் கேக்காரு. ரெண்டு பாசத்துக்கும் நடுவுல நான் வாயைத் திறந்து திறந்து மூடுதேன்."

"சாகப்போறவன்கிட்ட என்னத்தைக் கேக்கன்னு நினைக்காக போல."

"செத்த பெறகு கேட்டா நான் எப்படிச் சொல்ல?"

அதோடு முடிந்தது. பரிமாறுகிறவன் வாளியோடு வந்து டாக்டரிடம், "அம்மாவுக்குப் பாயசம் ஊத்தலாமா சார்?" என்று கேட்டான்.

டாக்டர், "ஊத்து" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "அவங்களைக் கேளுப்பா."

"வேண்டாம்யா" என்றாள் செண்பகவல்லி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெண்ணின் அப்பா கும்பிட்டபடி வந்தார். "டாக்டர் சார், தாயி, சாப்பாட்டுல ஏதும் குறை உண்டுமா?"

"குறை உண்டு. எங்க ரெண்டு பேர் மேல" என்றார் டாக்டர்.

பெண்ணின் அப்பா கையை இறக்கினார். "அப்ப அதுக்கு நான் கும்பிட்டு ஆகாதே. நீங்கதான் போகணும்."

பாதிப் பந்தியில் எழுந்திருப்பது முறையில்லை. அதனால் அவரே பந்தி முழுவதையும் பார்த்து, இவர்களுக்காக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் சரியென்று தலையாட்டினார்கள். டாக்டர் ஒரு முனையையும் செண்பகவல்லி ஒரு முனையையும் பிடித்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெயிலில் ரோட்டோரமாக நடந்தார்கள். தேக்கு கனத்தது.

"மாத்திப் பிடிக்கலாமாம்மா? உங்களுக்குக் கை வலிக்குதா?"

"வலிக்குது டாக்டர்" என்றாள் அவள். இறக்கி வைத்து, கை மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

பூவநாதன் கண்ணை மூடிக் கிடந்தார். புருவம் முடிச்சுப் போட்டிருந்தது. அமலோற்பவம் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பெஞ்சை அதன் பழைய இடத்தில், கால்மாட்டில் வைத்தார்கள். டாக்டர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், அவருடைய முகம் தெரிகிற பக்கம் மண்டியிட்டார்.

"ஐயா, தப்பு எங்களோடதுதான். உங்களைக் கேட்டிருக்கணும். கேட்கலை."

"நானுந்தாங்க" என்றாள் செண்பகவல்லி. "நீங்க பேசுறதுக்கு நான் இடமே விடல."

மேனேஜர் வாசலில் வந்து நின்று, "அப்போ தீர்ந்ததுன்னு வச்சுக்கலாமா?" என்றார்.

"அவரைக் கேட்டாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். பிறகு பூவநாதனிடம், "ஐயா, வலி இருக்கா?" என்றார்.

பதில் வரவில்லை. செண்பகவல்லிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கடவுளே, அவுக சொல்ற வரைக்கும் அவுகளை விட்டுவை, எனக்கு வாயைக் கட்டிவை என்று மனதுக்குள் வேண்டினாள். டாக்டரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த கட்டில்காரர் இருமுவதற்காக வாயைத் திறந்து, பிறகு இருமிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

பூவநாதன் கண்ணைத் திறந்தார்.

"இருக்கு" என்றார்.

பெஞ்சு போய்விட்டது. தரையில் கால்தடங்கள் ஈரமாக இருந்தன.

"எங்க இருக்குங்க ஐயா?"

"வெளிய. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல."

டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எப்போதிருந்து?"

"சேந்த அன்னையில இருந்து. என்கூட உள்ள வரல. அங்கேயே வெயில்ல நிக்குது. நீங்க இங்க எனக்குப் போடுதீக. அதுக்கு ஒருத்தரும் போடல."

"எவ்வளவு போடணும்னு நினைக்கிறீங்க?"

"அது என்னைவிட உயரம். பாத்துப் போடுங்க."

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வெளியே போனார். அமலோற்பவம் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். தொட்டியருகே டாக்டர் அண்ணாந்து பார்த்து, "இப்போ ஊசி போடப் போறேன், சுருக்குன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த வலி தொட்டிச் சுவரில் சாய்ந்து, மெல்லச் சறுக்கி உட்கார்ந்து, தரையில் படுத்துக்கொண்டது. உள்ளே பூவநாதனுடைய புருவ முடிச்சு அவிழ்ந்தது.

"என்னங்க, உங்களுக்கு ஏதும் வேணுமா?" என்று செண்பகவல்லி கேட்டுவிட்டு, காத்திருந்தாள்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். யோசிக்க அவருக்குப் பிடித்திருந்தது. "அது வெறுந்தரையில கிடக்கு. ஒரு தலகாணி குடுத்துட்டு வா" என்றார்.

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். அது தொட்டி நிழலில் நீளமாகப் படுத்திருந்தது. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பக்கத்தில் குனிந்து கேட்டாள். அது சொன்னது.